திரை இல்லாத டிரான்ஸீவர்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், சிங்கப்பூரின் தோ பாயோவில் பதினோராம் மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடொன்றின் சாப்பாட்டு மேசைமீது, எட்டு மாதங்களாக நானே வடிவமைத்துப் பற்றவைத்த ஐந்து வாட் டிரான்ஸீவரை, அதாவது வானொலிச் செய்தியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் பெட்டியை, கொண்டுபோய் வைத்தேன். எதிரே அமர்ந்திருந்த பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. நாகப்பட்டினத்தில் பிறந்து, 1970களில் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாகச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் புள்ளியும் நீட்டலுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் சாவியின் முன்னாலேயே வாழ்ந்தவர். 1999 பிப்ரவரி 1ஆம் தேதி உலகளாவிய கடல்சார் அபாயத் தொடர்பு முறை முழுமையாக நடப்புக்கு வந்தபோது, கப்பலில் ரேடியோ அதிகாரி என்ற வேலையே தேவையற்றதாகிவிட்டது; அவரும் கரையேறி இங்கேயே குடும்பத்துடன் தங்கிவிட்டார். பிறகு பொழுதுபோக்காக வானில் தொடர்புகொள்ளும் அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்து, பழைய ஜப்பானியப் பெட்டி ஒன்றுடன் மாலைப் பொழுதுகளைக் கழித்துவந்தார். கண் அழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழுவதுமாக இருட்டாக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் பழைய பெட்டியும் பழுதாகிப்போனது. உங்களுக்கேற்ற சிறிய பெட்டி ஒன்றை நான் செய்து தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் மேல் பரப்பி, ஓரங்களைத் தடவி, முன்பக்கத்துக்கு வந்தார். எல்சிடி திரையின் கண்ணாடியை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டு நகர்ந்தார். பிறகு குமிழைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். ஐந்து சுற்று, பத்துச் சுற்று, பதினைந்து சுற்று. கையை எடுத்துவிட்டு, "தம்பி, இது எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். "நிக்காது ஐயா, எவ்வளவு வேணும்னாலும் சுத்தலாம்" என்றேன், அதை ஒரு வசதி என்று எண்ணிக்கொண்டு. அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்ப நான் எங்க நிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்றைய பிற்பகலின் மீதிப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். குமிழைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அமைப்புப் பட்டியல் திறக்கும்படி நிரல் எழுதியிருந்தேன். அவர் பிடியைத் தளர்த்தாமல் யோசித்த ஒரு கணத்தில் பெட்டி அந்தப் பட்டியலுக்குள் போய்விட்டது. அந்த நிலையில் சாவி வேலை செய்யாது. காதில் ஒலி கேட்கும், ஆண்டெனாவுக்கு எதுவும் போகாது. நான் சமையலறையில் அவருடைய மருமகளுடன் பேசிக்கொண்டிருந்த இருபது நிமிடமும் அவர் பொறுமையாக அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வராததற்குக் காரணம் அலைப்பரவல் சரியில்லாததுதான் என்று எண்ணியிருக்கிறார். திரையில் அந்த நிலை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நிற்காத குமிழ்

அவர் கேட்ட அந்தக் கேள்வி பல வாரங்கள் என்னை விடவில்லை. அந்தக் குமிழுக்குப் பின்னால் இருந்த ரோட்டரி என்கோடர் என்னும் சிறு உறுப்பு இன்றைய வடிவமைப்பாளர் எல்லோருக்கும் கைவந்தது. விலை குறைவு, தேய்மானம் குறைவு, ஒரே குமிழால் நூறு வேலை செய்துகொள்ளலாம். ஆனால் அது தன் நிலையைத் தானே அறியாத உறுப்பு. ஒரு படி இந்தப் பக்கம், ஒரு படி அந்தப் பக்கம் என்று மட்டுமே நுண்செயலிக்குச் சொல்லும். மொத்தம் எங்கே இருக்கிறோம் என்பதைத் திரைதான் சொல்ல வேண்டும். பழைய வானொலிப் பெட்டியின் சுழல் மின்தேக்கி அப்படிப்பட்டதன்று. இடக்கோடியில் முட்டி நிற்கும், வலக்கோடியிலும் முட்டி நிற்கும், நடுவில் கை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு அலைவரிசை. திருச்சி எங்கே, இலங்கை எங்கே என்று இருட்டிலும் கை வைக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று இருந்தது. நாங்கள் வசதி என்று நினைத்து அந்த இரண்டு முட்டுகளையும் அகற்றிவிட்டோம். அவற்றோடு ஒருவருடைய கையில் இருந்த நிலப்படமும் போய்விட்டது.

சந்தையில் உள்ள கிட்களை, நாமே கட்டிக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்புகளை, குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கலையை நான் கற்றதே அவற்றின் வழியாகத்தான். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவர் எத்தனை இந்தியப் பையன்களைப் பேச வைத்தது என்பதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கம்பிச்சுருள் சுற்றப் பயன்படும் டொராய்டு என்னும் காந்தப்பொருள் வளையம் எளிதில் கிடைக்காத ஊரில் இருப்பவரும் அதைக் கட்ட வேண்டும் என்பதற்காக, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வாஷரின்மேல் காயில் (கம்பிச்சுருள்) சுற்றலாம் என்று வழி காட்டியிருந்தார்கள். அதாவது, சிறுநகரத்து இரும்புக் கடையில் நிற்கும் ஓர் ஆளின் முகம் அந்தச் சுற்றுக்குள் இருந்தது. அதேபோல, ஹான்ஸ் சம்மர்ஸின் கியூசிஎக்ஸ் என்னும் மோர்ஸ் டிரான்ஸீவர் 2017இல் இளையோர் முகாம் ஒன்றில் பிள்ளைகள் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட வடிவமைப்பு. மூன்றே மூன்று பிஎஸ்170 டிரான்சிஸ்டர்களை இணைத்து, வெப்பத்தட்டுகூட இல்லாமல் ஐந்து வாட்டை ஒட்டிய திறனை எடுக்கும் அந்த மின்பெருக்கி, முகாம் மேசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையையும் நேரத்தையும் எண்ணிச் செய்தது என்றே நான் படித்துக்கொள்கிறேன். நீடித்து நின்ற கிட்கள் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவரைக் கண்முன் வைத்துத் தொடங்கியவைதாம்.

அதற்குப் பிறகு வந்தவை பலவும் அலைவரிசைகளின் எண்ணிக்கையிலும், பெட்டியின் சிறுமையிலும், எண்முறைத் தொடர்புகளிலும் போட்டியிடுகின்றன. உச்சியிலிருந்து ரேடியோவில் அழைக்கும் மலையேறிகளுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டிகள் ஏராளம். மலையேறிகள் வாழட்டும். சிங்கப்பூரின் உச்சியான புக்கித் தீமா குன்று 163 மீட்டர். இந்த ஊரில் அமெச்சூர் ரேடியோக்காரரின் உண்மையான ஏற்றம் வேறு. மின்தூக்கியின் மோட்டார், பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, சுவரெங்கும் செருகப்பட்ட சார்ஜர்கள் ஆகியவற்றின் இரைச்சலுக்கு நடுவில், வெளியே கம்பி கட்ட இடமில்லாத ஒரு வீட்டிலிருந்து, வயதாகிக்கொண்டிருக்கும் உடலோடு வானுக்குள் போவதுதான் இங்கே மலையேற்றம். அதற்கென்று ஒரு கிட் இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்தவை துண்டு துண்டாக இருந்தன: பேசும் அலைவரிசை மானி ஒரு கடையில், ஆண்டெனா இணங்கியிருக்கிறதா என்பதை ஒலியால் காட்டும் எஸ்டபிள்யூஆர் மானி வேறொருவரின் வடிவமைப்பில். ஒரே பெட்டியாக, ஒரு மனிதரை மனத்தில் வைத்துக் கட்டியதாக எதையும் நான் காணவில்லை.

ஆறாவது சுற்று

விடை சிம் லிம் டவரில் ஒரு உதிரிபாகக் கடையின் இழுப்பறையில் இருந்தது: பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் குமிழுறுப்பு. அளவுகருவிகளில் பயன்படும் பழைய உறுப்பு. இடக்கோடியிலிருந்து வலக்கோடி போகச் சரியாகப் பத்து முழுச் சுற்று. இரு பக்கமும் முட்டி நிற்கும். அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதே கணக்கு மனத்தில் விழுந்துவிட்டது. 40 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ்காரர்கள் கூடும் 7.000 முதல் 7.050 மெகாஹெர்ட்ஸ் வரையான 50 கிலோஹெர்ட்ஸைப் பத்துச் சுற்றில் பரப்பினால், ஒரு சுற்றுக்கு 5 கிலோஹெர்ட்ஸ். குறைந்த திறனில் அனுப்புபவர்கள் காத்திருக்கும் 7.030 இடக்கோடியிலிருந்து மிகச் சரியாக ஆறாவது சுற்றின் முடிவில் வந்து நிற்கும். திரையும் வேண்டாம், குரலும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

கணக்கு எளிது, மின்னணுவியல் அவ்வளவு எளிதாக இல்லை. அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக்கி, அந்த எண்ணை எஸ்ஐ5351 அலையாக்கிக்குக் கொடுக்க வேண்டும். ஆர்டுயினோ என்னும் சாதாரண நுண்செயலிப் பலகையில் உள்ள, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி 1,024 படிகளை மட்டுமே தரும்; 50 கிலோஹெர்ட்ஸை அதால் வகுத்தால் ஒரு படிக்கு 49 ஹெர்ட்ஸ். மாற்றியின் கடைசி இலக்கம் எப்போதும் சற்று ஆடிக்கொண்டே இருப்பதால், காதில் 600 ஹெர்ட்ஸில் விழ வேண்டிய மோர்ஸ் ஒலி, தொண்டை கட்டியவர் பாடுவதுபோல் மேலும் கீழுமாக நடுங்கியது. வெளியே தனியாக 16 பிட் மாற்றி ஒன்றைச் சேர்த்து, ஒரு படியை ஏறத்தாழ இரண்டு ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, கை அசையாதபோது எண்ணை உறையவைக்கும் சிறு நிரலையும் எழுதிய பிறகே ஒலி கம்பிபோல் நின்றது. குமிழின் விளிம்பில் எப்பாக்சிப் பசையை ஒரு துளி வைத்து உலரவிட்டேன். அந்தத் துளி மேலே வந்தால் ஒரு முழுச் சுற்று முடிந்தது என்று பொருள். பசைத் துளி விலை பெறாதது. ஆனால் இந்தப் பெட்டியில் மிக முக்கியமான உறுப்பு எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குக் குரல்மேல் ஆசை இருந்தது. சிறு அட்டையில் பதிந்த ஒலிக்கோப்புகளை இசைக்கும் டிஎஃப்பிளேயர் என்னும் துணைப்பலகை மலிவாகக் கிடைக்கிறது. பெட்டி தமிழில் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணினேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் அவருடைய பேத்தி, எண்கள் அனைத்தையும் ஒரு மாலையில் ஒலிப்பதிவு செய்து கொடுத்தாள். அவள் "சுழியம்" என்று சொன்னாள். தாத்தா "நாங்க சைபர்னுதான் சொல்லுவோம்" என்றார். அதைப் பற்றி இருவருக்கும் நடந்த இனிய வழக்கு தனிக் கதை. பொத்தானை அழுத்தினால் அந்தப் பிள்ளையின் குரலில் "ஏழு புள்ளி சுழியம் மூன்று சுழியம்" என்று வரும். கேட்கக் கேட்க எனக்கு மனம் நிறைந்தது. இரண்டாம் நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா குரல் வேணாம்னு சொல்லல தம்பி. ஆனா அது பேசி முடிக்கிறதுக்குள்ள, பின்னால இருந்த ஆள் போயிடுறான்."

இது எனக்குத் தோன்றாதது. மோர்ஸைக் காதால் எடுப்பவரின் கவனம் மொழியின் வழியாகப் போவதில்லை. நடுவில் மனிதக் குரல் வந்தால் அது மெல்லிய சமிக்ஞையின் மேல் போர்வையைப் போட்டுவிடுகிறது. அவருக்கு வேண்டியது மோர்ஸிலேயே ஒரு சிறு முணுமுணுப்பு. அதிலும் முழு எண் தேவையில்லை, கடைசி இரண்டு இலக்கம் போதும். சைபருக்கு ஐந்து நீட்டலும் தேவையில்லை, கப்பல்காரர்கள் செய்ததுபோல் ஒரே நீட்டலாகச் சுருக்கினால் போதும் என்றார். கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிநொடி. அந்தச் சுருக்கத்தில் "30" என்பது பத்தொன்பது புள்ளி நீளம், ஒரு நொடியைச் சற்றே தாண்டும். பேத்தியின் குரலுக்கு நான்கு நொடி பிடித்தது. இடையிலுள்ள மூன்று நொடி என்பது ஒருவர் தன் அழைப்புக்குறியை அனுப்பிவிட்டு அகன்றுவிடக்கூடிய நேரம். பேத்தியின் குரலை இப்போது பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சொல்வதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். பெட்டியை நிறுத்தும் முன் அதை அவர் ஒருமுறை கேட்டுக்கொள்வார்.

ஆயிரம் வோல்ட்

பெட்டி முடிந்தால் ஆண்டெனா தொடங்கும். துணி காயப்போடும் மூங்கில் கழியில் கம்பி கட்டி நீட்டிய நாட்களை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பார்வையற்ற பெரியவர் ஒருவர் பதினோராம் மாடியின் சன்னலுக்கு வெளியே எதையும் நீட்டக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. எஞ்சியது வீட்டுக்குள்ளேயே வைக்கக்கூடிய காந்த வளைய ஆண்டெனா: 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயை ஒரு மீட்டர் விட்டத்தில் வளைத்து, அதன் இரு நுனிகளுக்கிடையே ஒரு சுழல் மின்தேக்கி. அந்த மின்தேக்கி, 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில், மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பாயில் பரப்பியிருந்த இரும்புச் சாமான்களுக்கு நடுவே நான் கண்டெடுத்தது. தகடுகளுக்கிடையே அகன்ற இடைவெளி கொண்ட, யாரோ ஒரு காலத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டரிலிருந்து கழற்றிய கனமான சாமான்.

இந்த வளையத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதன் சிறுமையைப் புகழ்வார்கள்; அதன் பசியையும் பல்லையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 7 மெகாஹெர்ட்ஸில் இந்த அளவு வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (திறனை வானுக்கு அனுப்பும் பங்கு) ஓம்மில் ஆயிரத்தில் ஆறு பங்குதான். திறனை வெப்பமாக வீணாக்கும் செம்பின் தடையோ ஏறத்தாழ அதைப்போல் எட்டு மடங்கு. ஐந்து வாட் கொடுத்தால் அரை வாட் அளவே வானுக்குப் போகும், மீதி குழாயைச் சூடாக்கும். அது பசி. பல் எதுவென்றால், அதே ஐந்து வாட்டில் குழாயில் பத்து ஆம்பியரை ஒட்டிய உயரதிர்வெண் மின்னோட்டம் சுழல்கிறது, மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே ஆயிரம் வோல்ட்டைத் தாண்டுகிறது. கண் தெரிந்தவர் அந்தப் பக்கம் கை வைக்க மாட்டார். விரலால் உலகை அறிபவரோ கை வைக்கத்தான் போகிறார். அவருடைய அறிதலே அதுதான். ஆகவே கிட்டின் இந்தப் பகுதியில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்கவில்லை. மின்தேக்கி முழுவதும் பாலிகார்பனேட் பெட்டிக்குள் மூடப்பட்டது. மூடியைத் திறந்தால் ஒரு சிறு சுவிட்ச் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிடும். வெளியே வருவது மின்சாரம் கடத்தாத ஃபைபர் தண்டும், ஆறு சுற்றுக்கு ஒரு சுற்று நகரும் பல்சக்கரக் குமிழும் மட்டுமே. ஒருவரின் விரலை நம்பி வடிவமைப்பவர், அந்த விரலுக்கு எதுவும் நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

ஒருமுறை இணக்கினால் வளையம் தாங்கும் அலை அகலம் ஏறத்தாழ ஆறு கிலோஹெர்ட்ஸ். அலைவரிசைக் குமிழை ஒரு சுற்றுக்கு மேல் நகர்த்தினால் வளையத்தையும் மறுபடி இணக்க வேண்டும். இதற்கு முள் அசையும் மானிக்குப் பதிலாக ஒலியைப் பயன்படுத்தினோம்: இணக்கப் பொத்தானை அழுத்தினால் பெட்டி தன் திறனைக் குறைத்துக்கொண்டு அனுப்பும், திரும்பி வரும் திறன் கூடினால் காதில் ஒலி உயர்ந்து கீச்சிடும், குறைந்தால் தாழ்ந்து முனகும். அவர் நான்கு நொடியில் இணக்கிவிடுகிறார். மானியைப் பார்த்துக்கொண்டு எனக்கு அதற்குப் பதினைந்து நொடி ஆகிறது.

இரைச்சலைப் பற்றி நான் கவலைப்பட்ட அளவுக்கு அவர் கவலைப்படவில்லை. இப்படிப்பட்ட சிறு வளையம் தன் அச்சின் திசையில் செவிடு. அந்தப் பக்கத்திலிருந்து வருவது வெகுவாகக் குறைந்துவிடும். நான் இதைக் கோட்பாடாக விளக்கத் தொடங்கியபோது அவர் எழுந்துபோய் வளையத்தின் தாங்கியைப் பிடித்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, மெல்லத் திருப்பினார். கரகரவென்று அறையை நிறைத்திருந்த யாரோ ஒருவரின் சார்ஜர் இரைச்சல் ஓரிடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் அமிழ்ந்துபோனது. கப்பலில் திசைகாட்டும் வளைய ஆண்டெனாவைத் திருப்பி, ஒலி மறையும் புள்ளியைக் கொண்டு கரை நிலையம் இருக்கும் திக்கைக் குறிப்பது அவருடைய அன்றாட வேலையாக இருந்திருக்கிறது. "இது பழைய டைரக்‌ஷன் ஃபைண்டர்தானே தம்பி" என்றார். அந்தக் கை அதை மறக்கவே இல்லை.

இவருக்குச் செய்ததைப் பார்த்துவிட்டு, இவருடைய கப்பல் நண்பர் ஒருவர் ஈசூனிலிருந்து அழைத்தார். பார்வை நன்றாக இருக்கிறது, பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறது, சாவி தானாகவே புள்ளிகளைக் கொட்டுகிறது என்றார். சிறிய தொடுகைகளைப் புறக்கணிக்கும் வடிகட்டியை நிரலில் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். தீரவில்லை. காரணத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இந்நோயின் நடுக்கம் பொதுவாக நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரும். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு 100 மில்லிநொடி, இடைவெளிக்கு 100 மில்லிநொடி. அதாவது நொடிக்கு ஐந்து புள்ளி. அவருக்கு வசதியான வேகத்தில் அவருடைய நடுக்கமும் அவருடைய புள்ளியும் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. காலத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. விசையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சமையல் தராசில் இருக்கும் எடை உணரியைச் சாவிக்கு அடியில் பொருத்தி, வேண்டுமென்று அழுத்துவதையும் தானாக நடுங்குவதையும் அழுத்தத்தின் அளவால் பிரிக்கும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறேன். பாதி வழி வந்திருக்கிறது. காலையில் ஒரு வரம்பு, மருந்தின் வேகம் குறையும் மாலையில் இன்னொரு வரம்பு என்று தேவைப்படுகிறது. அதை அவரே திருப்பிச் சரிசெய்ய ஒரு குமிழ் வேண்டும், அந்தக் குமிழுக்கும் இரு பக்கம் முட்டு வேண்டும்.

இதைக் கிட்டாக வெளியிட முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் யாருக்குச் சேர வேண்டும் என்பது இப்போது தெரியும். கட்டும் வேலையிலும் பார்வையற்றவருக்கு இடமிருக்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருக்கிறார். பெரும்பாலான கட்டுநர்கள் அஞ்சுவது டொராய்டு சுற்றுவதற்குத்தான். அவர் அதைத் தம் பங்காக எடுத்துக்கொண்டார். சிவப்பு நிற டி50 வளையத்தை இடக்கை விரல்களுக்கிடையே நிறுத்தி, எனாமல் கம்பியை நுழைத்து, கம்பி வளையத்தின் துளைக்குள் விழும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் நகத்தால் தொட்டு எண்ணினார். கண்ணால் எண்ணுபவர்கள் வெளிப்பக்கத்தைப் பார்த்து ஒன்று கூட்டியோ குறைத்தோ விடுகிறோம். துளைக்குள் எத்தனை முறை போனது என்பதே கணக்கு. முப்பது சுற்றில் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஆகவே கிட்டின் பைகளை உறுப்பு வகைப்படி அடுக்காமல் விரல் வேலை, இரும்பு வேலை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். காயில் சுற்றுவது, குமிழ்களைப் பூட்டுவது, பெட்டியை அடைப்பது எல்லாம் முதல் வகை; சூடான சால்டரிங் அயன் தேவைப்படுவது இரண்டாம் வகை, அதற்கு ஒரு பேரனோ நண்பரோ பக்கத்தில் உட்காரலாம். பைகளுக்கு அடையாளமாக ஓரத்தில் வெட்டுக்கள்: ஒரு வெட்டு முதல் பை, இரண்டு வெட்டு இரண்டாம் பை. விளக்கக் குறிப்பு ஒலிவடிவில், தமிழில். அதைப் பேத்தியே படித்துப் பதிவு செய்கிறாள்.

கடைசியாக அவர் ஒரு மாற்றம் கேட்டார். அந்தக் காலத்துக் கப்பலின் ரேடியோ அறைக் கடிகாரத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள் இருந்தன: ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18ஆம் நிமிடம் வரை, 45 முதல் 48ஆம் நிமிடம் வரை. அந்த மூன்று மூன்று நிமிடங்களில் மோர்ஸ் அபாய அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் அனுப்பக்கூடாது என்பது அன்றைய விதி. மெல்லிய அபாயக்குரல் எங்கிருந்தாவது வருகிறதா என்று உலகத்துக் கப்பல்கள் அனைத்தும் வாய்மூடிக் காது கொடுத்தன. பெட்டி அந்த நேரங்களில் காதில் ஒருமுறை தட்ட வேண்டும் என்றார். 40 மீட்டரில் அப்படி ஒரு விதி இல்லை என்று நான் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாததா. நேரம் காட்டும் ஒரு சில்லைச் சேர்த்து, நிரலில் நான்கு வரி எழுதினேன்.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடக்கோடியில் முட்டவைத்து, ஆறு சுற்று எண்ணி, வளையத்தை இணக்கி, இந்தோனேசியாவிலிருந்து அழைத்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பதில் கொடுத்தார். நிதானமான, கடைசி நீட்டலைச் சற்றே இழுக்கும் கைவாகு. பெயரும் ஊரும் மழையும் பரிமாறிக்கொண்டு விடைபெற்றார்கள். காதில் மெல்லிய தட்டு விழுந்தது. மணி நான்கே கால். அவர் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜொகூர்ப் பக்கம் எங்கோ திரண்டுகொண்டிருந்த இடிமழையின் சடசடப்பு மட்டும் ஹெட்ஃபோனில் ஏறியும் இறங்கியும் கேட்டது. மூன்று நிமிடமும் இருவரும் பேசவில்லை.